ஸ்டோரேஜில் கிடைத்த 1960களின் ட்ராக்ஸ்டர்: முதலில் எதில் கை வைப்பது?

கெர்ன் கரை

வணக்கம். கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன், எண்ணெய் வயலில் பம்ப் பராமரிப்பு வேலை. பழைய வண்டி என்றால் எனக்கு உயிர். 1966 ஃபோர்டு பிக்கப் ஒன்றை நானே பிரித்துக் கோர்த்து இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது கைக்கு வந்திருப்பது வேறு சங்கதி, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் போன வருடம் இறந்துவிட்டார். எண்பத்தைந்தைத் தாண்டியவர். மூன்று வாரத்துக்கு முன் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே ஒரு ஸ்டோரேஜ் ஷெட் இருக்கிறது, அவர் முப்பது வருடத்துக்கு மேல் வாடகை கட்டிக்கொண்டு வந்தார், இனி என்னால் ஆகாது, உள்ளே அவருடைய ரேஸ் வண்டி இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். ஷட்டரைத் தூக்கியதும் பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, எலிப்புழுக்கை. அத்தனையையும் ஒதுக்கிவிட்டுத் தார்ப்பாயை இழுத்தால் உள்ளே ஒல்லியாக, நீளமாக ஒரு ட்ராக்ஸ்டர், அதாவது கால் மைல் நேர்பாதையில் ஓட்டும் ரேஸ் வண்டி. முன்சக்கரம் சைக்கிள் சக்கரம் போல மெலிசு, பின்னால் அகலமான, வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர் (காற்று போய் தரையோடு ஒட்டிக் கிடந்தது), எஞ்சினுக்குப் பின்னால் பின் அச்சு, அதற்கும் பின்னால் ஓட்டுநர் இருக்கை. கால் இரண்டையும் அச்சுக்கு மேலே தூக்கிப் போட்டு உட்காரவேண்டிய அந்தக் காலத்து ஸ்லிங்ஷாட் அமைப்பு.

அச்சுக்கு அச்சு அளந்தேன், 138 அங்குலம். எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் வண்டியிலேயே இருக்கின்றன, ஸ்பார்க் பிளக் வால்வ் கவரின் நடுவில் இறங்குவதால் கிரைஸ்லரின் ஹெமி எஞ்சின் (அரைக்கோள வடிவ எரியறை கொண்டது) என்று தெரிகிறது, ஆனால் கிராங்க் அசையவே இல்லை. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தனியாக ஒரு மரப்பெட்டியில், மேலே 6-71 என்று எழுதியிருக்கிறது. பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ ஒன்று துணியில் சுற்றிக் கிடந்தது. பின்சக்கரத்து மெக்னீசிய ரிம்மில் வெள்ளையாகப் பூத்துப்போய், தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டுகிறது. மேலே சிவப்பு பெயிண்ட், அங்கங்கே உரிந்து, அடியில் நீலம் தெரிகிறது.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஆர்வத்தில் பிரஷர் வாஷரை எடுத்து மூக்குப் பகுதியில் அடித்துவிட்டேன். அங்கே வெள்ளை ஷூ பாலிஷில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருந்தன, தண்ணீர் பட்டதும் போய்விட்டன. என்ன எழுதியிருந்தது என்று சரியாகப் படிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து வண்டியில் கை வைக்கவே தயக்கமாக இருக்கிறது.

முழுக்கப் பிரித்து, சாண்ட் பிளாஸ்டிங் செய்து, புது பெயிண்ட் அடித்து ஜொலிக்க வைக்கலாமா, அல்லது உள்ளபடியே விடவேண்டுமா? இந்த சேசிஸை நம்பி மறுபடி ட்ராக்கில் ஓட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

லேத் பட்டறை

தம்பி, முதல் காரியமாக அந்த பிரஷர் வாஷரை உள்ளே வைத்துப் பூட்டு. நடந்தது நடந்தது, அதற்காக மனதை வருத்திக்கொண்டு உட்காராதே, ஏனென்றால் வண்டியில் இன்னும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் 1984இல் இங்கே வந்தவன். லாங் பீச் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் இருபது வருடம் லேத்தில் நின்றேன். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் லயன்ஸ் ட்ராக்கில் வண்டி ஓட்டியவர்கள் அல்லது வண்டிக்கு ரென்ச் பிடித்தவர்கள். அந்த ட்ராக் 1955இல் திறந்து 1972இல் மூடியது, நான் வரும்போது அது இல்லை, ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தவிர வேறு பேச்சும் இல்லை. அவர்களோடு சேர்ந்து இந்த மாதிரி வண்டி மூன்றைப் பிரித்துக் கோர்த்த அனுபவத்தில் சொல்கிறேன், வண்டி யாருடையது, எந்த வருடம், யார் கட்டிய சேசிஸ் என்பது தெரியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதே.

138 அங்குலம் என்பதே பாதி விடை. 1950களின் கடைசியில் வந்த ட்ராக்ஸ்டர்கள் 100 அங்குலத்தை ஒட்டியே இருந்தன, 1960களின் கடைசியில் 200ஐத் தாண்டிப் போய்விட்டார்கள். நீளம் கூடினால் வண்டி நேராக ஓடும் என்று வருடத்துக்கு வருடம் நீட்டிக்கொண்டே போனார்கள். உன்னுடையது அறுபதுகளின் நடுவில் கட்டியது, அல்லது அதற்கு முந்தைய சேசிஸை நடுவில் வெட்டி நீட்டியது. குழாய்களின் நடுவே ஒரே இடத்தில் வரிசையாக வெல்டிங் தழும்பு இருக்கிறதா பார். இருந்தால் நீட்டியதுதான்.

கட்டியவர் யார் என்பதற்குப் பெயர்ப்பலகை இருக்காது. ரோல் பாரின் வளைவு, முன் அச்சைத் தாங்கும் முறை, பிராக்கெட்டுகளை வெட்டிய வடிவம், இவைதான் கையெழுத்து. தெற்குக் கலிஃபோர்னியாவில் மட்டும் கென்ட் ஃபுல்லர், வுடி கில்மோர், டான் லாங், கார்ல்ஸ்பாட்டில் ட்ராக்மாஸ்டர் என்று பலர் கட்டினார்கள். அதற்கு முன்னால் ஸ்காட்டி ஃபென் சேசிஸ் ரிசர்ச் என்ற பெயரில் டிஇ-440 மாதிரியை விற்றார், வாங்கியவர்கள் வீட்டுக் கராஜிலேயே கோர்த்துக்கொண்டதும் உண்டு. ஒவ்வொரு பிராக்கெட்டையும் அளவுகோல் வைத்துப் படமெடு. பொமோனாவில் வாலி பார்க்ஸ் பெயரில் என்எச்ஆர்ஏ (அமெரிக்க ட்ராக் ரேஸ் சங்கம்) அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் போய் அங்கே நிற்கிற வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். உப்புத்தாளைத் தொடாதே. இரவில் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை பாடியோடு படுக்கவைத்து பக்கவாட்டில் ஒளி அடி. அடியில் பழைய எழுத்து இருந்தால் அதன் விளிம்பு மேலே உள்ள சிவப்பில் மேடாகத் தெரியும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள். பந்தய எண் கிடைத்தால் முதல் இலக்கத்தைப் பார், என்எச்ஆர்ஏ கணக்கில் அது எந்த வட்டாரம் என்பதைச் சொல்லும், 7 என்றால் நம் பசிபிக் கரை.

காகிதமும் முக்கியம். இந்த மாதிரி வண்டி ரோட்டில் பதிவானதே இல்லை, பிங்க் ஸ்லிப் (வண்டியின் உரிமைச் சான்று) இருக்காது. அந்த அம்மாவிடம் ஒரு விற்பனை ரசீது எழுதி வாங்கிக்கொள், ஒரு டாலர் என்று போட்டாலும் சரி. ட்ரெய்லர் இருந்தால் அதற்குத் தனியாகக் காகிதம் இருக்கும், தேடு.

எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து கேள். ஷெட்டில் முப்பது வருடம் கிடந்த இரும்பு இன்னும் ஆறு மாதம் அப்படியே கிடக்கும். அவர் ஞாபகம் அப்படிக் காத்திருக்காது. நான் பிரித்த இரண்டாவது வண்டியில் அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், அந்த மாதம் வருவதற்குள் கேட்கவேண்டியவர் போய்விட்டார். இன்றுவரை அந்த வண்டியின் முதல் ஓட்டுநர் யார் என்று தெரியாது.

காந்தத்தூள்

மிச்சிகனில் இருக்கிறேன், உலோகப் பாகங்களை உடைக்காமல் சோதிப்பதுதான் என் தொழில். அண்ணா சொன்னதெல்லாம் சரி, நான் சேசிஸ் பற்றியும் உங்கள் உடம்பு பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் எலிப்புழுக்கை. கலிஃபோர்னியாவில் மான் எலிகள் மூலம் ஹன்டா வைரஸ் வரும் ஆபத்து நிஜமாகவே உண்டு. காய்ந்ததைப் பெருக்கவோ வாக்குவம் போடவோ வேண்டாம். கையுறை போட்டு, ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, பிறகு காகிதத்தால் ஒற்றி எடுங்கள். கிளட்ச் மூடிக்குள் இருக்கும் தூசியையும் காற்றடித்து ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் உண்டு.

அடுத்து மெக்னீசியம். அந்த வெள்ளைப் பொடி துருவுக்குச் சமம். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது, அதன் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் மோசமாக எரியும். காய்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். மென்மையான பிரஷ்ஷால் கையால் சுத்தம் செய்து, டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கிக் காட்டிக்கொடுக்கும் சாயம்) போட்டு விரிசல் பார்க்கலாம், ஆனால் என் கருத்தில் அந்த ரிம்கள் இனி காட்சிக்கு மட்டும்தான்.

சேசிஸ் பெரும்பாலும் 4130 குரோமோலி எஃகுக் குழாயாக இருக்கும். சுவர் கனம் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஈரம் புகுந்திருந்தால் அடிப்பகுதியில் தின்றுகொண்டே வந்திருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வைத்துக் கீழ்க்குழாய்களில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெல்டிங் மூட்டுகள், ஸ்பிண்டில், ஸ்டியரிங் கை எல்லாவற்றுக்கும் காந்தத்தூள் சோதனை (காந்தமாக்கித் தூவினால் தூள் விரிசலில் சேரும்). சாண்ட் பிளாஸ்டிங் வேண்டவே வேண்டாம், அலுமினியத் தகடு நெளிந்துவிடும், விரிசலின் வாயும் மூடிக்கொள்ளும், பிறகு எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

குரோம் பூசிய பாகம் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பூசும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும், பூசிய உடனே அடுப்பில் வைத்துச் சூடாக்கி அதை வெளியேற்றவேண்டும். அப்படிச் செய்தார்களா என்று நமக்குத் தெரியாது. செய்யவில்லை என்றால், கடினமான எஃகில் செய்த ஸ்டியரிங் கையோ போல்ட்டோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு நாள் பட்டென்று முறியும்.

ட்ராக்கில் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். கூடாது. இன்றைய எஸ்எஃப்ஐ பாதுகாப்புச் சான்றுக்கு அறுபதுகளின் சேசிஸ் தேறாது, தேற வைக்கவேண்டும் என்றால் ரோல் கேஜை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும், அப்போது அது இந்த வண்டியே இல்லை. இந்த அமைப்பில் கிளட்ச் மூடி உங்கள் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிறது. 1970 மார்ச்சில் லயன்ஸில் பெயர்பெற்ற ட்ராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கியர்பாக்ஸ் வெடித்து வண்டி இரண்டாகப் போனது, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது. அதன் பிறகுதான் அவர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டி, 1971இல் பொமோனாவில் ஜெயித்தார், கொஞ்ச வருடத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் இருப்பது அவர்கள் விட்டுவிட்டு வந்த அமைப்பு. மரியாதையோடு வைத்துக்கொள்ளுங்கள், கால் மைல் மட்டும் ஓட்டவேண்டாம்.

நைட்ரோ வாசம்

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன பாதுகாப்பு விஷயத்தில் ஒரு எழுத்துக்கும் மறுப்பில்லை. ஆனால் தொடாமல், துடைக்காமல், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது போல வைக்கவேண்டும் என்ற இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சத்தம் போடத்தான் அந்த வண்டியைக் கட்டினார்கள். ஓட்டவும் வேண்டாம், சும்மாவும் நிறுத்தவேண்டாம், நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலேயே பிறந்த வழி. பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே ஃபமோசோ ட்ராக்கில் 2000இல் தொடங்கிய கேக்கிள்ஃபெஸ்ட். பழைய முன்-எஞ்சின் ட்ராக்ஸ்டர்களை பிக்கப் வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்து, வரிசையாக நிறுத்தி, இருட்டும் நேரத்தில் நைட்ரோவில் (நைட்ரோமீத்தேன் என்ற ரேஸ் எரிபொருளில்) உறும விடுவார்கள். வண்டி ஓடாது, நின்ற இடத்தில் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து நெருப்பு எழும்பும். நான் 2011இல் நேரில் பார்த்தேன். காதால் கேட்பது கொஞ்சம்தான், நெஞ்சுக்கூட்டில்தான் அதிர்கிறது, கண் எரிந்து தண்ணீர் கொட்டுகிறது, ஒருவரும் நகரவில்லை.

ஃபமோசோ ஓடுபாதையே போர்க்கால விமானத்தளம்தான். என் அப்பா சோழவரத்தில் ரேஸ் பார்த்த கதையைச் சொல்லும்போதெல்லாம் அதுவும் போர்க்கால விமானத்தளம் என்றுதான் ஆரம்பிப்பார். அதனாலோ என்னவோ, அங்கே நின்றபோது எனக்கு அந்நியமாகவே இல்லை. 1957 முதல் 1963 வரை என்எச்ஆர்ஏ நைட்ரோவைத் தடை செய்திருந்த காலத்தில், 1959இல் அங்கே ஸ்மோக்கர்ஸ் என்ற உள்ளூர் கார் சங்கத்தார் நைட்ரோ வண்டிகளை வைத்தே மார்ச் மீட் என்ற பந்தயத்தை நடத்தினார்கள், ஃபுளோரிடாவிலிருந்து கார்லிட்ஸ் வந்தார். அந்த மண்ணுக்கு இத்தனை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நண்பர் இந்த வண்டியை ஊமையாக வைக்கக்கூடாது.

எஞ்சினுக்கு: பிளாக் உயரத்தை அளந்து பாருங்கள். ஹெமியில் 331, 354 (கன அங்குலக் கொள்ளளவு) இரண்டும் குட்டை, 1957-58இல் வந்த 392 உயரம் கூடியது. கிராங்கை நீளமான கம்பி போட்டுத் திருப்பவேண்டாம். பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிடுங்கள், இடையில் போர்ஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பாருங்கள். எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், குழாய் எல்லாவற்றிலும் பழைய மெத்தனால் அலுமினியத்தை அரித்து வெள்ளையாக அடைத்திருக்கும், ஒவ்வொன்றையும் பிரித்தே ஆகவேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் எரிபொருள் குடம் குடமாகப் போகும், ஒரு இன்ஜெக்டர் அடைத்திருந்தால் அந்த பிஸ்டன் அவ்வளவுதான். மேக்னெட்டோவின் காந்தம் வலுவிழந்திருக்கும், திரும்ப ஏற்றித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். 6-71 சூப்பர்சார்ஜரில் பேரிங்கும் சீலும் மாற்றினால் போதும், அது டெட்ராய்ட் டீசல் எஞ்சினுக்காகச் செய்த சாமான், போர்க்காலத்தில் கரையிறங்கு படகையெல்லாம் ஓட்டிய எஞ்சின், சுலபத்தில் சாகாது.

கெர்ன் கரை

எல்லோருக்கும் நன்றி. பதில் போடப் பத்து நாள் ஆகிவிட்டது, ஏனென்றால் சொன்ன வரிசையில்தான் செய்யவேண்டும் என்று முடிவு செய்தேன்.

லேத் பட்டறை அண்ணா, முதலில் அந்த அம்மாவிடம்தான் போனேன். என் மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரம் என்று நினைத்துப் போனது, மூன்று மணி நேரம் ஆனது. கணவர் ஓட்டினார், அவர் தள்ளினார். அதாவது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி ஸ்டார்ட் செய்யும் பிக்கப்பை ஓட்டியது அந்த அம்மாதான். ஆயில் பிரஷர் ஏறிவிட்டது என்று கணவர் கையைத் தூக்கிக் காட்டுவார், அப்போது விலகவேண்டும், ஒரு நொடி பிந்தினாலும் பின்சக்கரத்தில் பிக்கப் ஏறிவிடும் என்றார். சொல்லும்போது கையைத் தூக்கிக் காட்டினார். இருபத்து நான்கு வயதில் செய்ததை அப்படியே செய்தார்.

மூக்கில் ஷூ பாலிஷில் இருந்தது என்ன என்று கேட்டேன், கழுவிவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். கோபப்படவில்லை. கடைசியாக ஓட்டிய நாளின் கிளாஸ் எழுத்தும் எண்ணும்தான், 1967 அக்டோபர், என்னிடம் படம் இருக்கிறது என்று உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். ஒன்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் மூக்கு தெளிவாக இருக்கிறது. எண் 7இல் தொடங்குகிறது.

டார்ச் சோதனையும் செய்தோம். சிவப்புக்கு அடியில், காக்பிட் பக்கவாட்டில், சாய்வெழுத்தில் ஒரு பெண் பெயர் மேடாகத் தெரிந்தது. அந்த அம்மாவின் பெயர் இல்லை. படத்தைக் காட்டியதும் சிரித்தார், எங்களுக்கு முன்னால் இதை வைத்திருந்தவரின் மகள் பெயர், வாங்கும்போது நீலமாக இருந்தது, நாங்கள்தான் சிவப்பு அடித்தோம் என்றார். நீளத்தைக் கூட்டியதும் அவர்கள்தானாம், 1965இல், வீட்டுக்குப் பின்னால் வைத்து. அண்ணா சொன்ன தழும்பு எஞ்சினுக்கு முன்னால் நான்கு குழாயிலும் ஒரே கோட்டில் இருக்கிறது.

காந்தத்தூள் அக்கா, இங்கே எண்ணெய் வயலில் குழாய்க் கனம் பார்க்கிற நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கருவியோடு வந்தார். கீழ்க்குழாய் இரண்டும் பரவாயில்லை, இடதுபுறம் பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் பாதிக் கனம் போயிருக்கிறது. முன் அச்சும் ஸ்டியரிங் கையும் குரோம் பூசியவை, கழற்றித் தனியாக வைத்துவிட்டேன்.

அதனால் இப்போதைக்கு முடிவு இதுதான்: சிவப்பு பெயிண்ட் அப்படியே இருக்கும், உரிந்த இடம் உரிந்தபடியே. கெட்டுப்போன அந்த ஒரு சாண் குழாயை மட்டும் மாற்றுவேன், வெட்டிய துண்டைத் தேதி எழுதி வைத்துக்கொள்வேன். ரிம்மும் டயரும் காட்சிக்கு, தள்ளுவதற்கு வேறு சக்கரம். ட்ராக்கில் ஓட்டமாட்டேன். எஞ்சினை எழுப்பிப் பார்க்கத்தான் போகிறேன். பிளாக் உயரத்தை அளந்தேன், 392தான், எட்டு சிலிண்டரும் ஊறிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். மூக்கில் போன எழுத்தைப் படத்தைப் பார்த்து மறுபடி எழுதலாமா? மனது ஒப்பவில்லை, ஆனால் வெறுமையாக விடவும் முடியவில்லை.

லேத் பட்டறை

நீ எழுதாதே. ஷூ பாலிஷ் பாட்டில் ஒன்று வாங்கி அந்த அம்மா கையில் கொடு. தள்ளி ஸ்டார்ட் செய்யும் நாளில் அவர் எழுதட்டும். உன் ஃபோர்டு 1966 என்றாயே, அவர்கள் வண்டியைத் தள்ளிய பிக்கப் எது என்று படத்தில் பார்த்தாயா?

கெர்ன் கரை

பார்த்தேன் அண்ணா. செவர்லே. ட்ராக்ஸ்டருக்குப் பின்னால் இருக்கும் தள்ளுகம்பியின் உயரம் என் ஃபோர்டு பம்பருக்கு நான்கு அங்குலம் கீழே வருகிறது, சனிக்கிழமை ஒரு பிராக்கெட் அடிக்கப்போகிறேன். பிக்கப்பை ஓட்டுவது யார் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். என் மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டும், அதற்குள் எஞ்சினைத் தயார் செய் என்றார்.